கடிகாரம் நின்ற கோட்டை

கோட்டை என்றதும் கொடியும் கொத்தளமும் கண்முன் தோன்றும். பூங்கா என்றதும் மலரும் மணமும் நெஞ்சில் நிறையும். இரண்டும் ஓரிடத்தே அமைந்துவிட்டாலோ, காண வருவோர் கருத்து மயங்கிடக் கேட்பானேன்! இக்கோட்டையிலே கொலுவிருந்த மன்னன் யார்? இப்பூங்காவிலே உலவிய அரசி யார்? கேள்விகள் எழும், விடைகள் ஏட்டிலே ஏராளம். கல் சுமந்த தோள் யாருடையது? செடிக்கு நீர் வார்த்த கரம் யாருடையது? இக்கேள்விகளை எழுப்புவோர் சிலர். விடை தரும் ஏடுகளோ அதனினும் சில.

அத்தகைய ஏடு ஒன்று கிடைத்ததால் சிறப்புற்ற கோட்டை, இங்கிலாந்து நாட்டிலே இருக்கிறது. கெனில்வொர்த் என்பது அதன் பெயர். நாட்டின் நடுப்பகுதியிலே, வாரிக்ஷயர் மாவட்டத்திலே, காவென்ட்ரி நகருக்கு அண்மையிலே நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட, இடித்தது போக எஞ்சியிருக்கிறது என்பதே பொருந்தும். செந்நிற மணற்கல் சுவர்கள். மேலே கூரை இல்லை. வானளாவிய சாளரங்கள், அவற்றிலே கண்ணாடி இல்லை. பெருங்கோபுரத்துக்கு மூன்று பக்கம் உண்டு, வடபக்கம் இல்லை. கோட்டையைச் சுற்றிக் கடல்போல் கிடந்த ஏரி இன்று புல்வெளி. இத்தனை இழப்புக்கும் இடையே, ஒரு பூங்கா மட்டும் நேற்று நட்டதுபோலப் பொலிவுடன் விளங்குகிறது. வாருங்கள், அந்தக் கோட்டைக்குள் நுழைந்து பார்ப்போம்.

நுழையுமுன் நாம் நடந்து செல்லும் பாதையையே உற்று நோக்குவோம். அது பாதை மட்டுமன்று, அணை. ஓடைகளின் நீரைத் தடுத்து நிறுத்தி, ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்புள்ள ஏரியை உண்டாக்கிய அணை. முதல் ஹென்றி மன்னனின் அரண்மனை அதிகாரியாக இருந்த ஜெஃப்ரி டி கிளிண்டன் என்பவர், 1120ஆம் ஆண்டுகளில் இங்கே கோட்டைக்கு அடிகோலினார். பின்னர் வந்த ஜான் மன்னன், ஆயிரம் பவுனுக்கு மேல் செலவிட்டு வெளிமதிலும் அணையும் வலுப்பெறச் செய்தான். மக்களுடைய வரிச்சுமையைப் பற்றியும் பிரபுக்களுடைய மனக்கசப்பைப் பற்றியும் கவலை கொள்ளாத மன்னன் அவன். 1215ஆம் ஆண்டு, மகாசாசனத்துக்கு முத்திரையிட நேர்ந்ததும் அவனுக்கே!

மன்னன் கட்டிய மதில் மன்னனைக் காக்கும் என்பது கணக்கு. வரலாறு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிக் காட்டியது. ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி, இக்கோட்டையை 1244ஆம் ஆண்டு தன் தங்கையின் கணவரான சைமன் டி மாண்ட்ஃபோர்ட்டிடம் ஒப்படைத்தான். மைத்துனருக்குத் தந்த சீர்! அந்த மைத்துனரோ, மன்னன் விருப்பமே நாட்டின் சட்டம் என்பதை ஏற்க மறுத்த பிரபுக்களுக்குத் தலைவரானார். 1264ஆம் ஆண்டு லூயிஸ் எனுமிடத்தில் நடந்த போரிலே மன்னனையும் மன்னன் மகனையும் சிறைப்பிடித்தார். அடுத்த ஆண்டு, 1265 ஜனவரியில், பாராளுமன்றம் ஒன்றைக் கூட்டினார். பிரபுக்களும் மத குருமார்களும் அமர்ந்துவந்த அவையிலே, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் இருவர், குறிப்பிட்ட நகரங்களிலிருந்து இவ்விருவர் என்று அழைத்து அமர்த்தினார். வணிகம் செய்வோரும் நகரத்தாரும் நாட்டின் நடப்பைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டது பெரும் புதுமை. நாம் இன்று வாக்குச் சீட்டைப் பெட்டியில் இடுகிறோமே, அந்த முறைக்கான நெடும் பாதையிலே அது ஒரு மைல் கல்.

சைமனைத் தூய மாமணி என்று போற்றிடும் எண்ணம் நமக்கு இல்லை. மன்னனுடைய கொடுமையை எதிர்த்த அதே சைமன், 1231ஆம் ஆண்டு லெஸ்டர் நகரிலிருந்து யூதர்களை வெளியேற்றியவர். உரிமை கேட்ட வாயே பிறருக்கு உரிமை மறுத்தது. வரலாற்றைக் கற்போர் இதையும் கற்க வேண்டும். தலைவரைத் தெய்வமாக்கிவிட்டால், அவர் செய்த நன்மையையும் சரியாக அளந்திட இயலாது. அவர் இழைத்த தீமையையும் அறிந்திட இயலாது.

அதே 1265ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், ஈவ்ஷாம் களத்திலே சைமன் வெட்டி வீழ்த்தப்பட்டார். அவருடைய ஆட்களோ கெனில்வொர்த் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டனர். 1266 ஜூனில் தொடங்கிய முற்றுகை, டிசம்பர் வரை நீடித்தது. உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்டோர். வெளியே மன்னனின் படை முழுவதும். கல்லெறி பொறிகள் இருபுறமும் இயங்கின. ஜான் மன்னன் கட்டிய ஏரியும் மதிலும் ஜான் மன்னனின் மகனையே தடுத்து நிறுத்தின. மன்னன் பணத்தால் எழுந்த மதில், மன்னனை எதிர்த்தோருக்கு மார்பெனத் திகழ்ந்தது!

படையால் முடியாததை மதத்தால் முடிக்கலாம் என்று எண்ணினர். போப்பாண்டவரின் தூதராக வந்திருந்த ஒட்டோபுவோனோ என்ற கார்டினல், கோட்டைக்குள் இருந்தோர் அனைவரையும் திருச்சபையிலிருந்து விலக்கிவைப்பதாக அறிவித்தார். பின்னாளில், 1276இல், தாமே போப்பாண்டவர் ஆனவர் அவர். எளிய ஆளல்லர். அவர் வாயிலிருந்து விலக்கு என்ற சொல் வந்தால், நரகம் வாய்பிளந்து நிற்பதாக நாடே நடுங்கிய காலம் அது. கோட்டைக்குள் இருந்தோர் நடுங்கினரா? அவர்களுள் ஒருவர், மருத்துவத் தொழில் செய்தவர் என்பர், வெண்ணிற அங்கி ஒன்றை அணிந்துகொண்டு மதில்மேல் ஏறினார். தூதரைப் போலவே நின்றார். தூதரைப் போலவே முழங்கினார். மன்னனையும் மன்னனின் படையையும் தூதரையும் சேர்த்து அவர் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார்! அங்கிதான் ஆற்றல் தருகிறது என்றால், அந்த அங்கியை யார் அணிந்தாலும் ஆற்றல் வரவேண்டுமன்றோ? எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, பசித்த வயிற்றோடு மதில்மேல் நின்ற ஒருவர், சிரிப்பொலிக்கிடையே எழுப்பிய கேள்வி இது.

அக்டோபர் இறுதியில், 'கெனில்வொர்த் தீர்ப்பு' என்ற அறிக்கை வெளியிடப்பட்டது. எதிர்த்தோர், பறிபோன நிலத்தைத் தொகை செலுத்தி மீட்டுக்கொள்ளலாம். தொகை நிலத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் இத்தனை மடங்கு என்று குற்றத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. பெரும்பாலோருக்கு ஐந்து மடங்கு. அடியோடு அழிப்பேன் என்று கிளம்பிய மன்னன், பேரம் பேசும் நிலைக்கு வந்தான்! உள்ளே இருந்தோர் முதலில் மறுத்தனர். பசியும் பிணியும் வென்றன. டிசம்பர் திங்களில் கதவு திறந்தது. ஆனாலும் அவர்கள் தூக்குமேடைக்குச் செல்லவில்லை. வெளியேறிச் செல்ல இசைவு பெற்று நடந்தனர்.

அறுபது ஆண்டு கடந்தது. அதே கோட்டைக்கு ஒரு மன்னன் வந்தான். படையோடு அல்ல, காவலர் சூழக் கைதியாக! இரண்டாம் எட்வர்டு என்பது அவன் பெயர். 1327 ஜனவரியில், இலண்டனுக்கு அருகே வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றம் கூடியிருக்க, அங்கிருந்து தூதுக்குழு கெனில்வொர்த் வந்தது. கறுப்பு ஆடை அணிந்து கண்ணீர் பெருக நின்றான் மன்னன் என்று அக்கால ஏடு கூறுகிறது. முடியைத் துறக்க இசைந்தான். அரண்மனை அதிகாரி தமது பதவிக்கோலை முறித்துக் காட்டினார். ஆட்சி முடிந்தது என்பதற்கு அது அடையாளம். மன்னனை நீக்கியோர் ஏழை எளியோருக்காக அழுதவர் அல்லர். அவன் மனைவியும் அவள் துணைவனும் பெரும் பிரபுக்களுமே. எனினும், மன்னன் என்பவன் நீக்கப்படக்கூடியவன் என்ற உண்மை, இந்தச் சுவர்களுக்குள்ளே உரக்க ஒலித்துவிட்டது. ஒலித்த உண்மையை மீண்டும் மௌனமாக்குவது எளிதன்று.

* * *

இனிக் கோட்டையின் பொற்காலம் என்று போற்றப்படும் பகுதிக்கு வருவோம். ஜான் ஆஃப் கான்ட் என்ற அரசகுமாரர், பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் கொலுமண்டபம் ஒன்றைக் கட்டினார். அதன் சாளரச் சட்டங்கள் இன்றும் அழகு காட்டுகின்றன. 1563ஆம் ஆண்டு, எலிசபெத் அரசி இக்கோட்டையை இராபர்ட் டட்லிக்கு வழங்கினாள். அடுத்த ஆண்டே அவர் லெஸ்டர் பிரபு ஆனார். அரசியின் உள்ளம் கவர்ந்தவர். அரசியை மணந்திடலாம் என்று நெடுநாள் நம்பியவர். அம்பு எய்யும் துளைகள் இருந்த கோட்டையிலே, அகன்ற கண்ணாடிச் சாளரங்கள் முளைத்தன. அரசி வந்து தங்குவதற்கென்றே நெடிதுயர்ந்த மாளிகை எழுந்தது. இரவிலே விளக்கேற்றினால், அந்தக் கண்ணாடி வழியே பொங்கும் ஒளி கலங்கரை விளக்கத்தைப்போல் தெரிந்தது என்று கண்டவர் எழுதினார்.

1575 ஜூலை 9ஆம் நாள் மாலை, எலிசபெத் வந்தாள். பத்தொன்பது நாள் தங்கினாள். ஏரியின்மீது மிதக்கும் தீவு. தீவின்மேல் பந்தங்களுக்கிடையே ஏரித் தேவதையாக வேடமிட்ட நங்கை! ஆர்தர் மன்னன் காலந்தொட்டு இந்த ஏரியைக் காத்துவருவதாகவும், இனி அது அரசியின் உடைமை என்றும் அவள் கூறினாள். ஏரி ஏற்கெனவே நம்முடையது என்றல்லவோ எண்ணியிருந்தோம் என்ற கருத்துப்பட அரசி விடையிறுத்தாளாம்! கொடுத்ததும் நானே, எனக்கே கொடுக்கிறாயா என்ற குத்தல் அதிலே ஒளிந்திருந்தது. பாலத்தின் இருமருங்கும் ஏழு இணைத் தூண்கள். அவற்றின்மேல் பறவை, கனி, தானியம், மது, மீன், படைக்கலம், இசைக்கருவி எனத் தெய்வங்கள் அளித்த காணிக்கைகள்! தெய்வங்களின் பெயரிலே வைக்கப்பட்டவற்றை விளைத்தவரும் பிடித்தவரும் சுமந்தவரும் யார்? அவர்களுக்குத் தூண் இல்லை.

பெருங்கோபுரத்திலே ஒரு கடிகாரம் இருந்தது. அரசி தங்கியிருந்த நாள்களில் அதன் மணி ஒலிக்கவில்லை, முள்ளும் நகரவில்லை. இரண்டு மணியைக் காட்டியபடியே நின்றது. இரண்டு மணி என்பது விருந்து வேளை. அரசி இருக்குமிடத்தில் எந்நேரமும் விருந்து நேரமே என்பது அதன் பொருள்! புகழ்பாடுவோர் உலகெங்கும் உண்டு. காலத்தையே கட்டிப்போட்டுப் புகழ்பாடிய விந்தையைக் கெனில்வொர்த்திலே காண்கிறோம். கோபுரத்தின் உச்சியில் காலம் நின்றது; கோபுரத்தின் அடியில், அடுக்களையிலும் குதிரை லாயத்திலும் காலம் நின்றிருக்குமா? அடுப்பு மூட்டுவோனுக்கு விடியற்காலை விடியற்காலைதான்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் அடியிலே ஓர் எண்ணம் இருந்தது. மணம் செய்துகொள்வதே மங்கைக்கு மேன்மை என்று அரசிக்கு உணர்த்திடும் நாடகம் ஒன்றைக் கேஸ்காய்ன் என்ற புலவர் எழுதி வைத்திருந்தார். கன்னிமையின் தெய்வமான டயானாவைவிட, மணத்தின் தெய்வமான ஜூனோவின் வழியே சிறந்தது என்று முடியும் நாடகம். அது மேடையேறவே இல்லை. வானிலை சரியில்லை என்று காரணம் கூறினர். வானிலையோ, அரசியின் மனநிலையோ! நாற்பத்தோரு வயது நிறைந்த பெண்ணொருத்தி, நாட்டையே ஆண்டுகொண்டிருந்தவள். அவளுக்குக்கூட, நீ இன்னும் மணம் முடிக்கவில்லையே என்று நாடகத்தின் வழியே அறிவுரை கூற ஆடவர் முனைந்தனர். பத்தொன்பது நாள் விருந்துண்டாள், வேட்டையாடினாள், சென்றாள். மணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. தன் வாழ்வைத் தானே தீர்மானித்திடும் உரிமையை விருந்துக்கு விலையாகக் கொடுத்திட அவள் இசையவில்லை.

* * *

இப்போது பூங்காவுக்கு வருவோம். பெருங்கோபுரத்தின் வடபக்கம், ஓர் ஏக்கருக்குச் சற்று மிகுதியான நிலம். கோபுரத்தை ஒட்டிப் பத்தடி உயர மேடை. அதன்மேல் நின்று பார்த்தால் பூங்கா முழுவதும் விரித்த கம்பளம்போல் தெரியும். நான்கு பகுதிகளாக வகுத்த பாத்திகள், நறுமணச் செடிகள், கூர்நுனித் தூண்கள். நடுவிலே வெண்சலவைக்கல் நீரூற்று. இரு மனித உருவங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, தலைக்கு மேலே உருண்டை ஒன்றைத் தாங்கும். அதிலிருந்து நீர் வழியும். உச்சியிலே லெஸ்டர் பிரபுவின் குலச்சின்னமான முரட்டுத் தடி. தொட்டியின் பக்கங்களிலே ரோமப் புலவர் ஓவிட் பாடிய கதைக் காட்சிகள். குனிந்து வேடிக்கை பார்ப்பவர் முகத்தில் திடீரென்று நீர் பீய்ச்சி அடிக்கும் ஏற்பாடும் உண்டு. ஒருபுறம் முப்பதடி நீளப் பறவைக் கூண்டு. அயல்நாட்டுப் பறவைகள் அதிலே பாடும். இத்தனையும் யாருக்கு? அரசிக்கு, அரசியின் அருகிருந்தோருக்கு. மற்றவருக்குக் கதவு அடைப்பு.

அடைத்த கதவுக்குள் இருந்தவை நமக்கு எப்படித் தெரிந்தன? லெஸ்டர் பிரபு குறிப்பு எழுதிவைத்தாரா? இல்லை. அரசவைப் புலவர் பாடிவைத்தாரா? அதுவும் இல்லை. இராபர்ட் லாங்கம் என்ற பெயரால் வெளிவந்த கடிதம் ஒன்று இருக்கிறது. அரசியின் ஆலோசனைக்குழு கூடும் அறையின் வாயிலைக் காத்தவர் அவர். கதவருகே நின்று, உள்ளே எட்டிப் பார்ப்போரைத் துரத்துவது அவர் வேலை! அரசி வேட்டைக்குச் சென்றிருந்த ஒருநாள், தோட்டக்காரர் ஏட்ரியன் அவருக்குப் பூங்காவின் கதவைத் திறந்துவிட்டார். வாயில்காப்போர் உள்ளே நுழைந்தார். கண்டார்; களித்தார்; கண்டதை அளந்தும் எண்ணியும், இலண்டனில் துணிவணிகம் செய்த நண்பருக்கு எழுதினார். நீரூற்றின் உயரம், மேடையின் அகலம், கூண்டின் நீளம், தொட்டியிலே நீந்திய மீன்களின் வகை, செர்ரிக் கனியின் சுவை, ஸ்டிராபெரியின் மணம் — அத்தனையும் எழுதினார்.

சிந்தித்துப் பாருங்கள். பெரும்பொருள் செலவிட்டுப் பிரபு அமைத்த பூங்காவைப் பற்றி நாம் அறிந்தவற்றில் மிகப் பெரும்பகுதி, கதவு காத்தவர் ஒருவர், செடி வளர்த்தவர் ஒருவரின் தயவால், அரசி இல்லாத நேரத்தில் நுழைந்து கண்டதுதான்! பிரபுவின் சலவைக்கல் போயிற்று. பறவைகள் போயின. தூண்கள் போயின. வாயில்காப்போர் எழுதிய எழுத்து நின்றது.

அந்தக் கடிதத்திலே இன்னொருவரையும் சந்திக்கிறோம். காவென்ட்ரி நகரத்தார், பழங்காலத்தில் டேன் இனத்தாரை ஆங்கிலேயர் வென்றதாகக் கூறும் நாடகத்தை ஆண்டுதோறும் ஆடிவந்தனர். ஆங்கிலப் பெண்டிர் பகைவரைச் சிறைப்பிடித்து வருவது அதன் முடிவு. நகரத்து மதபோதகர் சிலர் அதைத் தடுத்துவிட்டனர். எங்கள் நாடகத்தை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவே அவர்கள் கெனில்வொர்த் வந்தனர். தலைமை தாங்கி வாள் சுழற்றி வந்தவர், காப்டன் காக்ஸ். படைத்தலைவரோ? இல்லை, கொத்தனார்! சுவர் எழுப்பும் தொழிலாளி. அவரிடம் இருந்த புத்தகங்களை லாங்கம் வரிசையாகப் பட்டியலிடுகிறார்: ஆர்தர் மன்னன் கதை, ராபின் ஹூட் கதை, நாடகங்கள், பாட்டுப் புத்தகங்கள், பஞ்சாங்கங்கள், மருத்துவ நூல். பட்டியலிலே ஏளனமும் கலந்திருக்கிறது; கொத்தனாருக்கு இத்தனை ஏடா என்ற வியப்பும் ஒலிக்கிறது. காக்ஸ்டன் இங்கிலாந்திலே முதல் அச்சுக்கூடம் அமைத்தது 1476இல். நூறாண்டு நிறையுமுன்பே, கரணை பிடித்த கை ஏடு புரட்டத் தொடங்கிவிட்டது! லெஸ்டர் பிரபுவின் நீரூற்றைவிட, கொத்தனார் வீட்டுப் புத்தக வரிசையையே நாம் அந்த நாட்டின் செல்வமாகக் கருதுகிறோம். கரணை பிடிப்போன் கையில் ஏடும் இருந்தால், கட்டிய சுவர் யாருக்காக என்ற கேள்வி ஒருநாள் எழுந்தே தீரும்.

நாடகம் ஆடினர். அரசியோ அப்போது உள்ளே நடனம் பார்த்துக்கொண்டிருந்ததால், முற்றத்தில் நடந்ததைச் சரியாகக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து மீண்டும் ஆடச் சொன்னாள். அவர்களும் முதலிலிருந்து ஆடினர். அரசி நன்கு சிரித்து மகிழ்ந்தாள். இரண்டு மான்களும் ஐந்து மார்க்குப் பணமும் பரிசளித்தாள். அதே நாள்களில், சிற்றூர் மக்களின் திருமண ஊர்வலத்தையும் முற்றத்தில் நடத்திக் காட்டி, மாப்பிள்ளையின் நொண்டி நடையைக் கண்டு நகைத்தனர். பதின்மூன்று கரடிகளைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் குதறவிட்டு மகிழ்ந்தனர். சலவைக்கல் நீரூற்றுக்கு எதிரே, எளியோரின் நடை நகைப்புக்கு. விலங்கின் குருதி வேடிக்கைக்கு. பண்பாடு என்று புகழப்படுவதன் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்த்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

* * *

ஜூலை 27ஆம் நாள் அரசி புறப்பட்டாள். கடிகாரம் மீண்டும் ஓடியிருக்கும். ஓடிய காலம் யாரையும் விட்டுவைக்கவில்லை. 1588இல் லெஸ்டர் பிரபு இறந்தார். விட்டுச் சென்ற சொத்தோடு பெருங்கடனும் நின்றது. விருந்து நடந்து எழுபத்து நான்கு ஆண்டு ஆனபின், 1649 ஜனவரி 30ஆம் நாள், முதல் சார்ல்ஸ் மன்னன் இலண்டனிலே தலை வெட்டப்பட்டு மாண்டான். பாராளுமன்றத்தின் படை வென்றது. மன்னர் கட்சியார் மீண்டும் புகுந்து எதிர்த்திடக் கூடாது என்று, கெனில்வொர்த்தை இடித்திடக் கட்டளை பிறந்தது. பெருங்கோபுரத்தின் வடசுவரைத் தகர்த்தனர். பூங்காவைப் பார்த்தபடி நின்ற சுவர் அதுதான்! அணையை உடைத்து ஏரியை வடியவிட்டனர். தேவதை மிதந்த இடத்தில் மாடு மேயலாயிற்று.

மக்களாட்சி மலர்ந்துவிட்டது, கோட்டை மக்களுக்கு ஆயிற்று என்று முடித்திட ஆசைதான். உண்மை அப்படி இல்லை. இடித்த படையின் அதிகாரி ஹாக்ஸ்வொர்த், எஞ்சிய வாயில் மாளிகையையே தமக்கு வீடாக்கிக்கொண்டார். நிலத்தைப் படை அதிகாரிகள் பங்கிட்டுக்கொண்டனர். 1660இல் முடியாட்சி மீண்டது. கோட்டையும் மீண்டும் பெருமக்கள் கைக்கே சென்றது. சுவரை இடிப்பது ஒருநாள் வேலை. சுவருக்குப் பின்னிருந்த உடைமையை எல்லோருக்கும் உரியதாக்குவதோ தலைமுறைகளின் வேலை. மன்னனை வீழ்த்தியவர்களே மறுநாள் மன்னனின் நாற்காலியைத் தேடுவதுண்டு என்பதற்கு, வாயில் மாளிகை இன்றும் இடியாமல் நின்று சான்று பகர்கிறது.

இடிந்த கோட்டைமீது பச்சைக்கொடி படர்ந்தது. கொடியோடு கற்பனையும் படர்ந்தது. 1821இல் வால்ட்டர் ஸ்காட், 'கெனில்வொர்த்' என்ற புதினத்தை வெளியிட்டார். லெஸ்டரின் முதல் மனைவி அமி ராப்சார்ட், அரசி வந்த அந்த விருந்து நாள்களிலே கோட்டைக்குள் மறைந்து திரிந்ததாகக் கதை பின்னினார். படித்தோர் கண்ணீர் வடித்தனர். கோட்டையைக் காணக் கூட்டம் கூட்டமாக வந்தனர். உண்மையில் அமி ராப்சார்ட் 1560 செப்டம்பரிலேயே, வேறோர் ஊரில், மாடிப்படியின் அடியிலே இறந்து கிடந்தாள். விருந்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே! புதினம் எழுதுவோருக்கு அந்த உரிமை உண்டு. வரலாறு படிப்போருக்கு அதை அப்படியே நம்பிடும் உரிமை இல்லை. இறந்த பெண்ணை எழுப்பி உலவவிட்ட கற்பனை பல்லாயிரவரை ஈர்த்தது. உயிரோடு வாள் சுழற்றி வந்த கொத்தனாரின் பெயரை அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்?

இருபதாம் நூற்றாண்டிலே, மோட்டார் தொழிலில் பொருளீட்டிய ஜான் சிட்லி 1937இல் கோட்டையை விலைக்கு வாங்கினார். 1958இல் அவர் மகன் அதைக் கெனில்வொர்த் ஊராருக்கே வழங்கினார். எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஊரை நோக்கி உறுத்து நின்ற கோட்டை, ஊராரின் உடைமை ஆயிற்று! 1984 முதல் 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' என்ற அமைப்பு அதைப் பேணிவருகிறது. அவ்வமைப்பினர் பூங்காவை மீண்டும் உண்டாக்க முனைந்தனர். வழிகாட்டி எது? வாயில்காப்போரின் கடிதம்! கடிதம் கூறியது மெய்தானா என்று மண்ணைத் தோண்டிப் பார்த்தனர். நீரூற்று நின்ற இடத்திலே எண்கோண அடித்தளம் அகப்பட்டது. கண்டதைக் கண்டவாறே எழுதினார் அந்த எளியவர் என்று மண்ணே சான்று கூறிற்று. 2009ஆம் ஆண்டு, நீரூற்றும் மேடையும் பறவைக் கூண்டும் கொண்ட பூங்கா திறக்கப்பட்டது.

இன்று கட்டணம் செலுத்தி எவரும் உள்ளே போகலாம். பள்ளிப் பிள்ளைகள் அந்த நீரூற்றைச் சுற்றி ஓடுகின்றனர். ஏட்ரியனிடம் கெஞ்ச வேண்டியதில்லை; அரசி வேட்டைக்குச் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அழகு தீதன்று. சலவைக்கல்லும் மலர்ப்பாத்தியும் நமக்குப் பகை அல்ல. கதவுதான் பகை. கதவு திறந்தபின், பிரபுவின் பூங்காவும் பிள்ளைகளின் பூங்காவாகிறது.

வரலாறு கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்குக் கெனில்வொர்த் தரும் பாடம் ஒன்று உண்டு. மன்னர் பெயரும் போர் நடந்த ஆண்டும் மனப்பாடமாக இருக்கட்டும், அவையும் வேண்டும். அவற்றோடு, வெள்ளை அங்கி அணிந்து சிரித்தவரையும், புத்தகம் சேர்த்த கொத்தனாரையும், கதவைத் திறந்துவிட்ட தோட்டக்காரரையும் சேர்த்துக் கற்பிப்போம். கதவு காக்கும் வேலையிலே இருப்பினும், தோட்டத்தில் மண் கிளறும் வேலையிலே இருப்பினும், கண்டதை எழுதிவைக்கும் ஆற்றலை ஒவ்வொரு பிள்ளைக்கும் தருவோம். ஆள்வோர் எழுப்பும் சலவைக்கல் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை எவரும் உறுதி கூற இயலாது. எளியவர் ஒருவர் மெய்யாக எழுதிய கடிதம், நானூறு ஆண்டு கடந்து ஒரு பூங்காவையே மண்ணிலிருந்து எழுப்பியிருக்கிறது.